குழாய்க் கசிவில் முளைத்த அரசமரம்

வாஷியில் ஏறினால் ஹார்பர் லைன் ரயில் தாணே கழிமுகத்தின் மேல் சில நிமிடங்கள் ஓடி, மும்பைக் கரையில் முதலில் நிற்கும் நிலையம் மான்குர்த். 1992-இல் அந்தப் பாலம் திறக்கும்வரை தண்டவாளம் இங்கேயே முடிந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தாராவியைக் கேட்டு வருவார்கள், மாதுங்காவைக் கேட்டு வருவார்கள், செம்பூரில் சொந்தக்காரர் யாராவது இருப்பார். மான்குர்த்தைக் கேட்டு வருகிறவர் குறைவு. அதுவும் போன்சாய் பார்க்க என்று சொன்னால் ஆட்டோக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ வரிசை, வடாபாவ் கடை, மொபைல் உறை விற்கும் தள்ளுவண்டி. ஒரு பக்கம் 1927 முதல் நகரத்தின் குப்பையை வாங்கிக்கொண்டிருக்கும் தேவனார் குப்பைமேடு. இன்னொரு பக்கம் அணுசக்தி நகரின் மதிலும் டிராம்பே குன்றும். நடுவில் லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற அடுக்ககங்கள். தண்டவாள ஓரக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக 2000-களில் எழுந்தவை. ஒரு வீட்டின் அளவு 225 சதுர அடி. இங்கே தோட்டமும் இல்லை, கண்காட்சிக் கூடமும் இல்லை. பார்க்க வேண்டியது சுவரில் இருக்கிறது.

இரண்டு கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்தில் நின்று அண்ணாந்தால் போதும். கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் பின்சுவரில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஓர் அரசமரம் நிற்கும். உயரம் ஒன்றரை அடிகூட இருக்காது. ஆனால் தண்டு மணிக்கட்டுப் பருமன். விரிசலுக்குள் நுழைந்த வேர் தட்டையாகப் பரவி, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி தூரம் கீழே இறங்கியிருக்கும். நாலைந்து முறை யாரோ வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்திலெல்லாம் முடிச்சு விழுந்து, அதிலிருந்து புதுக் கிளை பிரிந்திருக்கும். ஒரு போன்சாய்க் கலைஞர் பத்துப் பதினைந்து ஆண்டு உட்கார்ந்து செய்கிற வேலையைக் காக்கையும் குழாய்க் கசிவும் பெயின்டரின் அரிவாளும் சேர்ந்து செய்து முடித்திருக்கின்றன.

நடந்தது சிக்கலானது ஒன்றுமில்லை. ஆல், அரசு, இச்சி, அத்தி எல்லாம் ஃபைகஸ் என்ற ஒரே குடும்பம். அவற்றின் பழத்தைக் காக்கை, குயில், சின்னான், குக்குறுவான், பழந்தின்னி வௌவால் என்று ஒரு பெரிய கூட்டமே தின்கிறது. கடுகைவிடச் சின்ன விதை எச்சத்தோடு சுவர் விரிசலில் விழுகிறது. காட்டில் இந்த மரங்கள் பெரும்பாலும் தரையில் பிறப்பதில்லை; வேறு மரத்தின் கவட்டிலோ பாறை இடுக்கிலோதான் தொடங்கும். மண்ணே இல்லாமல் சில வருடம் தாக்குப்பிடிப்பது அவற்றுக்குப் பிறவிப் பழக்கம். மும்பையின் சுவர் அவற்றுக்குப் பாறை, மழைக்காலம் நான்கு மாதமும் ஈரம், மற்ற எட்டு மாதத்துக்குக் குளியலறைக் குழாய். வேருக்கு இடம் இல்லாததால் மேலே வளர்ச்சி இல்லை. ஆனால் வயது ஏறிக்கொண்டே போகும், பட்டை முதிர்ந்துகொண்டே போகும்.

225 சதுர அடி வீட்டையும் குறுகிய மரத்தையும் அருகருகே வைத்து ஓர் உருவகம் செய்ய எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும். அது பொய்யான உருவகம். போன்சாயின் வேரை வெட்டுகிறவர் மறுநாள் காலையில் வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்.

ஜப்பானியர்கள் மலையிலும் கடலோரப் பாறையிலும் காற்றாலும் பனியாலும் குறுகிப்போன மரங்களைத் தோண்டி எடுத்து வந்து தொட்டியில் வளர்ப்பார்கள். அப்படி எடுத்த மரத்துக்கு யமடோரி என்று பெயர். உலகெங்கும் போன்சாய்க்காரர்கள் மரியாதையோடு சொல்லும் சொல். விதைபோட்டு வளர்த்த மரத்தில் கிடைக்காத முறுக்கும் தழும்பும் அதில் இருக்கும். மும்பைக்காரருக்குப் பனிமலை இல்லை. ஆனால் பழைய கட்டடம் உண்டு. இந்த நகரத்தின் போன்சாய் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் சுவர் மரங்களைத்தான் தங்கள் யமடோரியாகக் கருதி வருகிறார்கள். இடிக்கப்போகும் சால் எனும் பழைய குடியிருப்பு, பூச்சு உதிர்ந்த பாலம், கைவிடப்பட்ட மில் ஆகிய இடங்களில் அவர்களுக்கு வேட்டை. மலையில் தோண்டினால் மலைக்கு நஷ்டம். சுவரிலிருந்து எடுத்தால் சுவருக்கு நல்லது, மரத்துக்கும் ஆயுள்.

எடுப்பது எளிதில்லை. பருவமழை தொடங்கும் ஜூன்தான் காலம். காற்றில் ஈரம் இருந்தால்தான் வேர் போன மரம் பிழைக்கும். உளியும் சுத்தியலும் வேண்டும், பூச்சைக் கொத்தி விலக்கப் பொறுமை வேண்டும், கீழே நிற்பவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். வேரை முழுசாக எடுக்க முடியாது. செங்கல்லுக்குள் போனது போனதுதான். கிடைத்ததை எடுத்து, மேலே கிளைகளையும் கழித்து, வடியும் பாலை அடங்கவிட்டு, கரடுமுரடான மணலில் நட்டு, பாலித்தீன் உறையால் மூடி நிழலில் வைப்பார்கள். சில வாரங்களில் தண்டில் சிவந்த மொட்டு தெரிந்தால் பிழைத்தது. ஆலும் அரசும் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும் சத்து அவ்வளவு.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. அரசங்கன்றைப் பிடுங்குவது பாவம் என்று மராட்டிய வீட்டிலும் சொல்வார்கள், தமிழ் வீட்டிலும் சொல்வார்கள். சுவர் பிளந்து தண்ணீர் உள்ளே வந்தாலும் வீட்டுக்காரர் கைவைக்க மாட்டார். வேறு யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். அந்த வேறு யாரோ ஒரு போன்சாய்க்காரராக அமைந்துவிட்டால் பாவமும் இல்லை, கூலியும் இல்லை.

மான்குர்த்தில் நிற்கும்போது இன்னொரு சுவரின் கதையும் சொல்ல இடமிருக்கிறது. அணுசக்தி நகருக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் இதுதான். டிராம்பேயில் 1954-இல் அணு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய ஹோமி பாபா மரப்பித்துள்ளவர். வளாகத்தின் தோட்ட அமைப்பைத் தானே கவனித்தார். குறுக்கே நின்ற பெரிய மரங்களை வெட்டாமல் பெயர்த்து வேறிடத்தில் நடச் சொன்னார். உலகத்தில் அதிகம் பேர் பார்த்து வியந்த போன்சாய்களில் ஒன்றுக்கும் அணுவுக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது.

1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் 53 போன்சாய்களை அன்பளிப்பாக அனுப்பியது. அவற்றில் ஒரு வெள்ளைப் பைன் மரம், 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வருவது. கொடுத்தவர் மசாரு யமாகி. வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் அது கால் நூற்றாண்டு சாதுவாக நின்றது. 2001-இல் யமாகியின் பேரன்கள் இருவர் அதைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குடும்பத்தின் நர்சரி ஹிரோஷிமாவில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு வெடித்த இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம். வீட்டுக் கண்ணாடி எல்லாம் சிதறியது. மரங்களைக் காப்பாற்றியது நர்சரியைச் சுற்றி இருந்த உயரமான மதில். யமாகி அன்பளிப்பு கொடுக்கும்போது இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உருவத்தைப் பார்த்தால் அது குடைவிரித்த ஒரு தடித்த பைன், அவ்வளவுதான். ஆனால் இன்று அதன் முன் நிற்கிறவர் யாரும் கிளை அமைப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

மான்குர்த்தை விட்டுக் கிளம்பும்போது தலைக்கு மேல் மெட்ரோவின் தூண்கள். மேற்கே அந்தேரியின் டி.என். நகரிலிருந்து மான்குர்த்தின் மண்டாலே வரை திட்டமிட்ட 2பி தடம் இது. இந்தத் தடத்துக்காக 2022-இல் சாந்தாகுரூஸில் ஒரு பழைய பெருக்கமரம் வெட்டப்பட்டது. வயது முன்னூறு என்று பேசப்பட்டது. நகரத்தில் பெரிய சண்டையே நடந்தது. தூண்களின் பூச்சில் விரிசல் விழ இன்னும் நாளாகும். விழுந்தால் காக்கை வரும்.

அடுத்து கோவண்டி, அதற்கடுத்து செம்பூர். இங்கே மரங்கள் சுவரிலிருந்து இறங்கித் தொட்டிக்கு வந்துவிடுகின்றன. செடா நகர் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலையோர நர்சரிகளில் 'போன்சாய்' என்று சீட்டு ஒட்டிய தொட்டிகள் நிற்கும். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தண்டை எஸ் வடிவத்தில் வளைத்த இச்சி. மற்றொன்று, பருத்த கிழங்கு வேரை வெளியே காட்டி, உச்சியில் இரண்டு குஞ்சம் இலை ஒட்டிய ஜின்செங் ஃபைகஸ். இரண்டும் தொழிற்சாலைச் சரக்கு. சீனாவிலும் தைவானிலும் வயல் வயலாக வளர்த்துக் கன்டெய்னரில் உலகம் முழுக்கப் போகிறவை. வரவேற்பறை மேசைக்குச் சரி. ஆனால் ஆயிரம் தொட்டியில் ஆயிரமும் ஒரே வளைவு. மான்குர்த் பின்சுவரில் பார்த்த அரசு இவற்றைவிட எத்தனையோ மடங்கு மேலான போன்சாய் என்பது ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே தெரியும்.

நர்சரியின் பின்பக்கம் போகக் கேட்டால் வேறு உலகம். போகன்வில்லா, கொடுக்காப்புளி, புளி, சவுக்கு, அடீனியம் என்று இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகிய வகைகள். ஒயர் சுற்றிய கிளைகள், பாதி வெட்டிய தண்டுகள், பழைய பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஆலமரம். மண் என்று சொல்ல அதில் மண்ணே கிடையாது: செங்கல் ஜல்லி, பருமணல், மக்கிய உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. ஜப்பானில் அகதமா என்ற எரிமலைக் களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். கப்பலேறி வரும் அதன் விலை இங்கே கட்டுப்படியாகாது. உடைத்துச் சலித்த செங்கல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த நகரம் இது. தண்ணீர் விட்ட நொடியில் வடியாத கலவையில் எந்தத் தொட்டி மரமும் ஜூலையைத் தாண்டாது.

மும்பையில் இந்தக் கலைக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டென்றால் அது ஜோதி பரேக், நிகுஞ்ச் பரேக் தம்பதியுடையது. இந்தோ-ஜப்பானியச் சங்கத்தின் போன்சாய்ப் பயிற்சிக் குழுவை வளர்த்தவர்கள், புத்தகம் எழுதியவர்கள், நகரத்தின் பல ஆர்வலர்களுக்கு ஆசான்கள். ஜப்பானியப் பாடத்தைக் கற்றபின் அவர்கள் கேட்ட கேள்விதான் முக்கியமானது: பைன் மரத்துக்கு வகுத்த இலக்கணத்தை ஆலமரத்தின் மேல் ஏன் ஏற்ற வேண்டும்? விழுதும் தண்டும் ஒன்றாகி நிமிர்ந்து நிற்கும் இந்திய ஃபைகஸ்களுக்காகத் தூண் பாணி என்ற ஒன்றை அவர்கள் முன்வைத்தார்கள். நேர் நிமிர், வளைநிமிர், சாய்வு, அருவி, காற்றடி, காடு, பாறை தழுவிய வேர் என்று போகும் ஜப்பானியப் பட்டியலில் அது இல்லை.

போன்சாய் இந்தியாவில் வாமன விருட்சக் கலையாகப் பிறந்து கிழக்கே போனது என்று ஆர்வலர்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கேட்க இனிமைதான். கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்றோ சீனாவில் இருக்கிறது: டாங் வம்சத்து இளவரசர் ஒருவரின் 706-ஆம் ஆண்டுக் கல்லறைச் சுவரோவியத்தில் பணிப்பெண் ஒருத்தி தட்டில் குட்டி மரங்களை ஏந்தி நிற்கிறாள். ஜப்பான் அங்கிருந்து வாங்கி மெருகேற்றியது. நாம் பிந்தி வந்தவர்கள். பிந்தி வந்ததில் ஒரு வசதி, நம்மிடம் ஆலமரம் இருந்தது.

குர்லாவில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறி, சயானில் இறங்கினால் தாராவி. திருநெல்வேலித் தமிழ் காதில் விழும் சந்துகளைத் தாண்டிப் போனால் கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குஜராத்திக் குயவர்கள் 1930-களிலிருந்து இங்கே சக்கரம் சுற்றுகிறார்கள். பஞ்சுக் கழிவை எரித்துச் சூளை மூட்டுவதால் பிற்பகலில் தெருவெல்லாம் புகை. தீபாவளி அகலும் தண்ணீர்ப் பானையும் துளசி மாடமும்தான் பிழைப்பு. ஆனால் சுவரிலிருந்து எடுத்த மரத்துக்கு முதல் வீடு இங்கிருந்துதான் போகிறது. அகலமான, ஆழம் குறைந்த மண் தொட்டி. அடியில் வடிகாலுக்குப் பெரிய துளைகள், மரத்தை ஒயரால் இழுத்துக் கட்டச் சின்னத் துளைகள். சுட்ட மண் மூச்சுவிடும், வேர் அழுகாது. மரம் தேறும்வரை இதைவிட நல்ல தொட்டி இல்லை.

கண்காட்சிக்கு என்றால் கதை மாறும். இரண்டடி நீளமும் இரண்டங்குல ஆழமும் உள்ள தட்டை ஈரக் களிமண்ணில் செய்தால் காயும்போதே மூலை தூக்கிக்கொள்ளும். அதனால் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் செய்யும் மெருகேற்றிய பீங்கான் தொட்டியைத் தேடுவார்கள். இல்லையென்றால் வீட்டிலேயே சிமென்ட் தட்டு வார்ப்பார்கள். வசதியுள்ளவர் ஜப்பானின் தோகோநாமேயிலிருந்து வரவழைப்பார். மரத்தைவிடத் தொட்டிக்குச் செலவு அதிகமான வீடுகள் போன்சாய்க் குழுக்களில் சாதாரணம். அதை யாரும் மனைவியிடமோ கணவரிடமோ சரியாகச் சொல்வதில்லை.

தாராவியின் விளிம்பில், மீட்டி ஆற்றங்கரையில், மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். எழுபதுகள் வரை குப்பை கொட்டிய இடம். குப்பையின் மேலேயே மரம் நட்டு வளர்த்து 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தேவனாரைத் தாண்டி வந்தவர் கண்ணுக்கு இது கொஞ்சம் ஆறுதல். போன்சாய் வளர்ப்பவர்களுக்கு இங்கே வேறொரு வேலை உண்டு: முழு மரத்தைப் பார்ப்பது. எந்த வயதில் கிளை தாழத் தொடங்குகிறது, உச்சி எப்போது வட்டமாகிறது, விழுது எந்தக் கிளையிலிருந்து முதலில் இறங்குகிறது என்பதைப் பார்க்காமல் தொட்டி மரத்தை வெட்டுகிறவர் கத்தரியோடு குருட்டாட்டம் ஆடுகிறார்.

சயானை அடுத்தது மாதுங்கா. பூக்கடைகளும் ஃபில்டர் காபியும் கோயில்களும் எழுதி எழுதித் தேய்ந்தவை, அவற்றை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியவை இந்த வட்டாரத்தின் வயதான தெரு மரங்களும், மாடிப் பால்கனிகளில் அவற்றின் சின்னப் பிரதிகளும். தமிழ்க் குடும்பங்கள் வளர்க்கும் ஆலமரங்களில் அடிக்கடி ஒரு கனவு எட்டிப் பார்க்கும்: அடையாறு. சென்னை பிரம்மஞான சபையிலுள்ள அந்த ஆலமரத்துக்கு ஏறத்தாழ 450 வயது. 1989-இல் புயலில் தாய்த்தண்டு சாய்ந்தது, விழுதுகளில் மரம் நிற்கிறது. கல்கத்தா ஹௌராவின் பெரிய ஆலமரத்துக்கும் பூஞ்சை பிடித்த தாய்த்தண்டை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதுவும் விழுதுக் காடாகத்தான் நிற்கிறது. தண்டே இல்லாத மரம்! தண்டுதான் எல்லாம் என்று தொடங்கும் ஜப்பானிய இலக்கணத்துக்கு இதைவிடப் பெரிய சவால் வேண்டாம். ஒரு தட்டில் இருபது விழுதுகளை நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு, மேலே ஒரே குடையாகக் கிளை பரப்புவது என்பது இந்தியப் போன்சாயின் மிகத் துணிச்சலான கற்பனைகளில் ஒன்று.

அதற்கான வித்தை வேடிக்கையானது. இளநீர்க் கடை ஸ்ட்ரா. தொட்டி ஆலில் காற்று காய்ந்தால் விழுது இறங்காது, பாதியில் கருகும். கிளையில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்ததும் அதன்மேல் ஸ்ட்ராவை மாட்டி, மறுமுனையை மண்ணில் ஊன்றி, உள்ளே ஈரம் காப்பார்கள். விழுது குழாய்க்குள்ளேயே இறங்கி மண்ணைத் தொடும். தொட்டபின் ஸ்ட்ராவைக் கீறி எடுத்துவிடலாம்; அடுத்த சில ஆண்டுகளில் அது தூணாகும். மும்பையின் மழைக்கால ஈரம் இதற்கு வரம். கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துச் சிரமப்பட வேண்டியதை இங்கே பால்கனி செய்துவிடும்.

இலை அடுத்த தலைவலி. ஆலின் இலை கையளவு; இரண்டடி மரத்தில் பத்து இலை இருந்தால் மரம் எங்கே என்று தேட வேண்டும். கோடையில் காம்பை மட்டும் விட்டுவிட்டு எல்லா இலையையும் கத்தரித்துவிடுவார்கள். புதிதாக வருவது சின்னதாக வரும். வெயிலும் குறுகிய வேரும் இன்னும் சின்னதாக்கும். அரசு இதற்கும் முழுசாக மசிவதில்லை. காற்றில் ஆடும் அந்த நீண்ட காம்பு காட்டிக் கொடுத்துவிடும். அதனாலேயே நல்ல அரசு போன்சாயைப் பார்த்தால் அனுபவசாலிகள் கொஞ்சம் நேரம் பேச்சை நிறுத்துவார்கள்.

கற்பனை என்று வரும்போது உலகில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் மரம் ஒன்று உண்டு. ஜான் நாக்கா என்ற ஜப்பானிய அமெரிக்கர் 1948-இல் இரண்டு ஜூனிப்பர்களோடு தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 'கோஷின்'. ஜப்பானில் ஒரு கோயிலருகே உயர்ந்து நிற்கும் மரக்கூட்டத்தின் நினைவு அது. பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக மொத்தம் 11 மரங்கள். 1984-இல் வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார். தட்டின் முன் குனிந்து பார்ப்பவருக்குக் காட்டுக்குள் நுழையும் பாதை தெரியும். ஜப்பானின் போன்சாய்க் கலைஞர் மசாஹிகோ கிமுரா இன்னொரு வழி: செங்குத்தான பாறைத் துண்டுகளில் ஹினோக்கி மரங்களை ஒட்டவைத்து ஒரு மலையையே நிறுத்துவார், மின்ரம்பத்தைப் போன்சாயில் பயன்படுத்தியதற்காகப் பழமைவாதிகளிடம் திட்டும் வாங்கினார். தாய்லாந்தின் அயுத்தயாவில் வாட் மகாதாத் இடிபாட்டில் புத்தர் தலையை வேர் தழுவி நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள், கல் தலைமேல் இச்சி வேரை ஓடவிட்டு அதையே தொட்டியில் செய்து பார்க்கிறார்கள். பத்தில் எட்டு அலங்காரப் பொம்மையாக முடியும். மீதி இரண்டு நன்றாக இருக்கும்.

ஆனால் மும்பையில் இன்னும் பரவலாகச் செய்யாத ஒன்று இருக்கிறது. சுவர் மரத்தை எடுத்து வந்து, அதன் வேரிலிருந்து செங்கல்லைப் பிரித்து, ஜப்பானியச் செவ்வகத் தட்டில் நட்டு, பைன் மரமாக்கப் பார்க்கிறார்கள். செங்கல்லோடு சேர்த்து எடுத்தால் என்ன? பெயர்ந்த பூச்சு, துருப்பிடித்த குழாய்த் துண்டு, அதைப் பிடித்திருக்கும் வேர். காற்றடித்த பைன் எப்படி ஜப்பானின் கடற்கரையைச் சொல்கிறதோ அப்படி அந்தத் தட்டு இந்த நகரத்தைச் சொல்லும். சிலர் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். நடுவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்காட்சிச் சீட்டுகளில் 60, 80, 100 என்று எழுதியிருப்பார்கள். மிலான் அருகே பராபியாகோவிலுள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்து ஃபைகஸுக்கு ஆயிரம் வயது என்கிறார்கள். நம் சுவர் இச்சியின் சொந்தக்காரர் அது. குளிர்நாட்டு மரத்தில் ஆண்டு வளையம் எண்ணலாம். வெப்பநாட்டு ஃபைகஸ் நம்பகமான வளையம் போடுவதில்லை. ஆக அந்த எண்கள் குடும்பக் கதைகள். பத்து வயது ஆலை நூறு வயதாகக் காட்டுவதுதானே கலை. சீட்டில் நூறு என்று எழுதுவது கலையில் சேராது.

பைகுல்லாவில் ராணி பாக் என்று ஊர் அழைக்கும் வீரமாதா ஜீஜாபாய் உத்யான். 1862-இல் திறந்த தாவரவியல் தோட்டம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள். வருகிறவர்கள் பென்குயினைப் பார்க்கப் போய்விடுவார்கள். குளிர்காலத்தின் கடைசியில் மாநகராட்சி இங்கே நடத்தும் மலர்க் கண்காட்சியில் தொட்டி மரங்களும் வரிசை கட்டும். புணேயில் 2018 பிப்ரவரியில் நடந்த 'போன்சாய் நமஸ்தே' மாநாட்டின் பிரமாண்டமோ, மைசூர் தத்த பீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா தோட்டம் 2016-இல் 2,649 மரங்களோடு செய்த சாதனையோ இங்கே இல்லை. எண்ணிக்கை பெருகினால் போன்சாய் பார்ப்பது கஷ்டம். பத்து மரம் போதும், ஒவ்வொன்றின் முன்னும் மரத்தின் உயரத்துக்குக் குனிய நேரம் வேண்டும்.

தோட்டத்தின் உள்ளே பெருக்கமரங்கள் நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் வழியே வந்த இனம். மன்னாரிலும் ராமநாதபுரம் பக்கமும் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும். இதன் விதை போன்சாய்க்காரர்களுக்குப் பிடித்த சரக்கு. தடித்த ஓட்டைத் தேய்த்து ஊறவைத்தால் முளைக்கும், இளம் வயதிலேயே அடி பருக்கும்.

திரும்பும் வழியில் தாதர் சந்தை. ஜூன் மாதத்தில் வட பௌர்ணமியன்று வந்தால் வண்டி வண்டியாக ஆலங்கிளை விற்பார்கள். கணவனின் ஆயுளுக்காக மராட்டியப் பெண்கள் ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டும் நாள்; மரம் பக்கத்தில் இல்லாதவர்கள் கிளையை வாங்கிப்போய் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒரே நாளில் நகரத்தின் ஆலமரங்கள் மொட்டையாகும், மறுநாள் குப்பை வண்டி நிறையும். தொட்டியில் ஆல் வளர்க்கும் வீட்டுக்கு அன்று மவுசு. அடுக்ககத்தின் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் போன்சாயை வைத்து, பக்கத்து வீட்டு அண்ணி, மாடி வீட்டு மாமி எல்லோரும் சுற்றி வந்து நூல் சுற்றுவார்கள். வீட்டில் போன்சாய் வைத்தால் குடும்ப வளர்ச்சி குன்றும் என்று போன மாதம்தான் வாஸ்து சொன்னவரும் அந்த வரிசையில் இருப்பார்.

மரத்துக்காரருக்கு ஒரே கவலை நூல். மழைக்காலத்தில் ஆலின் தண்டு வேகமாகப் பருக்கும். உடனே அவிழ்க்கவில்லை என்றால் பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும். அவிழ்க்கலாமா என்று மாமியாரிடம் கேட்க வேண்டும். கேட்டு, நல்ல நாள் பார்த்து, அவிழ்ப்பதற்குள் சில மரங்களில் பதிந்தேவிடுகிறது. கண்காட்சியில் ஒயர் தழும்புக்கு மதிப்பெண் குறைப்பார்கள். நூல் தழும்பும் நடுவர் கண்ணுக்கு ஒயர் தழும்புதான்.